அழகாக உருண்டிருந்த இணைப்பு

யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எமது சிறிய பட்டறையில் கிணற்று மோட்டார்களுக்கான 60 கட்டுப்பாட்டுப் பலகைகளைச் செய்து கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் 11 திரும்பி வந்தன. தோட்டத்தில் காலையில் ஓடி, வெயில் ஏறியதும் நின்றுவிடும் அந்தப் பலகைகள், பட்டறை மேசையில் ஒரு குறையும் காட்டவில்லை.

பாகங்களைப் பலகையில் உருக்கி ஒட்டும் உலோகக் கலவையான சோல்டரில், ஈயமில்லாத வகையை அப்போதுதான் முதன்முறையாகப் பயன்படுத்தியிருந்தோம். இணைப்புகள் மங்கலாக இருந்ததால் அவை சரியாக உருகாதவை என்று நானே முடிவுகட்டி, மூன்று நாட்கள் எல்லாவற்றையும் திரும்பச் சூடாக்கினேன். அது வீண்வேலை. 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கொண்ட பழைய கலவை 183 பாகை செல்சியசில் ஒரேயடியாக உறைவதால் மினுங்கும். 3 வீதம் வெள்ளியும் 0.5 வீதம் செம்பும் கலந்த இந்தப் புதியது 217 பாகைக்கு மேல்தான் உருகும், நன்றாகப் பிடித்திருந்தாலும் மங்கலாகவே உறையும்.

அடுத்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்களைச் சந்தேகித்து, இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போனேன். விற்றவர் ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல், "தம்பி, வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லை" என்று முடித்துவிட்டார்.

மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீற்றர் எல்லா இணைப்பிலும் ஒலி எழுப்பியதுதான் என்னை அதிகம் ஏமாற்றியது. அந்தச் சோதனையில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், மயிரிழைத் தொடுகையும் நல்ல இணைப்பாகத் தெரியும். ஆகவே வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், 12 வோல்ற் கார் பற்றரியிலிருந்து 55 வாற் முகப்பு விளக்கொன்றை ரிலே வழியாக எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் இழக்கப்படும் மில்லிவோல்ற்றை அளந்தேன். தலைமயிர் உலர்த்தியால் சூடேற்றியபோது ரிலேயின் ஒரேயொரு காலில் அளவு ஏறிக்கொண்டே போய், விளக்கு அணைந்தது. அன்று மத்தியானச் சாப்பாடு மறந்தே போயிற்று.

அந்தக் கால் அகன்ற செப்புப் பரப்போடு சேர்வது. செம்பு வெப்பத்தை உறிஞ்சிவிட்டதால் சோல்டர் பரவாமல், பார்க்க அழகான உருண்டையாக மேலே குந்தியிருந்தது. மறுபக்கம் உருப்பெருக்கியில் பார்த்தால் கால் நுழையும் துளை பாதி வெறுமை. ஒழுங்காகப் பிடித்த சோல்டர் காலை நோக்கி உட்குழிந்து சரிந்திருக்கும். பற்றவைக்கும் கோலில் கூர் முனையை விட்டுத் தட்டை முனைக்கு மாறி, சோல்டர் பரவ உதவும் பிளக்ஸ் தடவி, பலகையைக் கீழிருந்து மெல்லிய சூடான காற்றால் இளஞ்சூடாக்கிய பின்னரே பற்றவைத்தோம். 11 பலகைகளும் சரியாகின.

மீதி 49 இனியும் நிற்குமே என்று சுன்னாகம், சண்டிலிப்பாய் என்று வீடுவீடாகப் போனால், ஓர் ஐயா படலையிலேயே மறித்துக் கேட்டார்: "ஓடுற மோட்டரை ஏன் தம்பி கழட்டுறாய்?"