அரிசிப் பைக்கு அப்பால்

எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி) சமூகப் பணி அலுவலகத்தில் டிசம்பர் வந்தால் தொலைபேசி ஓயாது. கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்கு அரிசியும் சேலையும் கொடுக்க வேண்டும், பட்டியல் அனுப்புங்கள் என்பார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஜூன் மாதம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு தாய் கம்மலை அடகு வைக்கப் போகும்போது அந்தப் பட்டியலை எவரும் கேட்பதில்லை.

குமரிக் கடற்கரைப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சார்ந்த கிறிஸ்தவச் சமூகங்களில், வேலை பார்த்து நான் கண்டது இது: திருச்சபையின் பெரிய பலம் பணமல்ல, வீடு வீடாக அதற்கு இருக்கும் பழக்கம். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவான அன்பியத்தின் பொறுப்பாளருக்குத் தெரிந்துவிடும். 1833இல் பாரீஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையும் ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதைத்தான் முதல் வேலையாக வைத்தது.

ஒரு பங்கில் கணவரை இழந்த பெண்ணுக்கு ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பத் திரும்பத் தள்ளுபடியானது. ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், வாக்காளர் அட்டையில் பாதிப் பெயர், கணவரின் இறப்புச் சான்றிதழில் வேறொன்று. எங்கள் பணியாளர் கோயிலின் பழைய திருமணப் பதிவேட்டைப் புரட்டி, முழுப் பெயர் இருந்த பக்கத்தின் நகலில் பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அந்த அம்மாவோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் கூடவே நின்றார். மூன்று பெயரும் ஒருவரே என்று சான்று கிடைத்தது, ஓய்வூதியமும் வந்தது. 2023இல் உயர்த்தப்பட்ட தொகையின்படி மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400. எங்களுக்கு ஆன செலவு பஸ் டிக்கெட்டும் நகல் எடுத்த காசும்தான். எந்தக் கிறிஸ்துமஸ் பை இதற்கு ஈடாகும்?

கடன் இதைவிடக் கடினமானது. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் தந்த வியாபாரி, கரைக்கு வரும் மீனுக்குத் தானே விலை சொல்வார். அந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை அரிசி கொடுத்தாலும் கடன் கரையாது. திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாட்டில், மறைமாவட்டத்தின் சமூகப் பணியாளர்கள் உடனிருக்க, மீனவர்கள் தங்கள் சங்கத்தைக் கட்டினார்கள். கடலுக்குப் போகிறவர்களே உறுப்பினர்கள். மீனைச் சங்கமே கரையில் ஏலம் விட்டது. விற்ற பணத்தில் கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்துக்கொண்டது. அந்த முயற்சி பரவி 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. இதில் என்னை மிகவும் தொடுவது, கணக்கும் முடிவும் மீனவர் கையிலேயே இருந்தது என்பதுதான். பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவையில் ஏழைகளுக்கான திட்டம் பேசும்போது அந்த ஏழைகளில் இரண்டு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கோயில் வரி பாக்கி இருந்தால் சிபாரிசுக் கடிதம் கிடையாது என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. எனக்கு இது மனம் ஒப்பாத காரியம். பாக்கி விழுவது பெரும்பாலும் வேலை போன வீட்டிலும் நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும்தான். ஆகவே வரி நோட்டில் பாக்கி உள்ள பெயர்களைத் தனியாக எழுதிக்கொண்டு, அந்த வீடுகளுக்கு முதலில் போகும்படி எங்கள் பணியாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.