வைபை டிரைவர் பேட்ச்களை வாசித்துப் பழகுவது: மலையகத் தம்பி தங்கச்சிமாருக்கு

உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பிள்ளைகள் சிலர் "அண்ணே, லினக்ஸ் கேர்னலுக்கு எந்த டிரைவரை எழுதலாம்?" என்று கேட்கிறார்கள். எழுதுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் மற்றவர் எழுதியதை வாசியுங்கள் என்பதுதான் என் பதில். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்கு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்ப ஆள் நிறைய. பொறுமையாக உட்கார்ந்து பரிசீலிக்கத்தான் ஆள் குறைவு. வைபை இதற்கு நல்ல இடம், ஏனென்றால் ஒரு யூஎஸ்பி டொங்கிள் இருந்தாலே சோதிக்கலாம்.

மூலநிரலை முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜிபி போய்விடும். தொடக்கத்தில் கிட் குளோனில் டெப்த் 1 கொடுத்து புது வைபை மாற்றங்கள் சேரும் வயர்லெஸ்-நெக்ஸ்ட் மரத்தை மட்டும் எடுங்கள். பழைய வரலாறு தேவைப்படும்போது இரவு டேட்டாவில் மிச்சத்தை இறக்கலாம். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நம் பக்கத்தில் கம்பைல் நேரத்தைக் குறைப்பதும் முக்கியம். கம்பைல் செய்யும் பகுதிகளைச் சுருக்கும் லோக்கல்மொட்கொன்ஃபிக் என்ற மேக் கட்டளை அதற்கு உதவும். ஆனால் அது அந்த நேரம் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை (டிரைவர் போன்ற துண்டுகளை) மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதனால் டொங்கிளைச் செருகிவிட்டு ஓட்டுங்கள்.

புது டிரைவர் வந்தால் நான் முதலில் பார்ப்பது, 802.11, அதாவது வைபை நெறிமுறையின் வேலையை யார் செய்கிறார்கள் என்பதை. கணினிப் பக்கம் செய்வதென்றால் 2007இல் கேர்னலுக்குள் வந்த மேக்80211 என்ற பொது அடுக்கைப் பயன்படுத்த வேண்டும். சிப்பே செய்வதென்றால் அமைப்புகளைக் கையாளும் சிஎஃப்ஜி80211 மட்டும் போதும். தயாரிப்பாளர் தன் சொந்த அடுக்கைச் சுமந்துகொண்டு வந்தால், மற்ற வரிகளைத் திருத்தி நேரம் போக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு என் நேரத்தில் பெரும்பகுதி சாதனத்தைச் செருகியதும் ஓடும் புரோப் ஃபங்ஷனின் தோல்விப் பாதைக்குத்தான் போகும். நினைவகம் ஒதுக்கியாயிற்று, யூஎஸ்பி கோரிக்கைகள் தயார், அடுத்து சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபேர்ம்வெயர் ஏற வேண்டும். அது ஏறாவிட்டால்? ஒதுக்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். எழுதியவர் மேசையில் ஃபேர்ம்வெயர் எப்போதும் இருப்பதால் அந்தப் பாதை ஒரு தடவைகூட ஓடியிருக்காது. நீங்கள் ஓட்டிப் பாருங்கள்: லிப்/ஃபேர்ம்வெயரில் இருக்கும் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு டொங்கிளைச் செருகுங்கள். அப்புறம் பெயரைச் சரிசெய்து, பெரிய கோப்பொன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே டொங்கிளைப் பிடுங்குங்கள். நினைவகப் பிழை தேடும் காசான், பூட்டுகளைக் கண்காணிக்கும் லொக்டெப் இரண்டையும் இயக்கிய கேர்னலாக இருந்தால், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவதும் பூட்டு வரிசை பிசகுவதும் டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கேர்னல் பதிவில் வந்து விழும்.

அடுத்தது பைட் வரிசை. ஃபேர்ம்வெயரோடு பேசும் ஸ்ட்ரக்ட்களில் எண்கள் பெரும்பாலும் லிட்டில் எண்டியனில் (கீழ்மதிப்புப் பைட் முதலில்) இருக்கும். நம் லெப்டொப்பும் அதே வரிசை என்பதால் பிழை தெரியவே தெரியாது. தலைகீழ் வரிசையில் வைக்கும் பிக் எண்டியன் மிப்ஸ் சிப் கொண்ட ரவுட்டர் ஒன்றில் போட்டால்தான் எல்லாம் குழம்பும். நிரலை ஓட்டாமலே சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவியை நிறுவிவிட்டு மேக்கோடு சி=1 கொடுத்தால் இவற்றில் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை கேர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அதற்காக உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள்.

பேட்ச் வந்த மின்னஞ்சல் பட்டியலுக்கு உங்கள் பதிலை வெறும் எழுத்து மின்னஞ்சலாக, உரிய வரியை மேலே வைத்து அதன் கீழ் எழுதுங்கள். "இது தவறு" என்பதைவிட "ஃபேர்ம்வெயர் ஏறாவிட்டால் இந்த பஃபரை யார் விடுவிப்பது?" என்ற கேள்வி நல்லது. நீங்கள் விளங்கிக்கொண்டது பிழையாக இருந்தாலும் எழுதியவர் விளக்குவார், உங்களுக்கும் பாடம். 'ரிவ்யூட்-பை' என்று பெயர் போடுவது அந்த பேட்ச் கேர்னலுக்குத் தகுதியானது என்று நீங்கள் சொல்லும் பொறுப்பான வார்த்தை. முழுதும் விளங்கும்வரை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்லும் 'டெஸ்டட்-பை' மட்டும் கொடுங்கள், அதுவே பெரிய உதவி. கொடுக்கும்போது கேர்னல் பதிப்போடு, எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் டொங்கிளின் ஐடியையும் எழுதுங்கள். பெட்டியில் இருக்கும் மொடல் பெயரை நம்ப முடியாது. அதே பெயரில் வரும் இரண்டாம் பதிப்பில் வேறு சிப் இருக்கலாம்.