வாஷ்பேசின் வேஸ்ட் கப்ளிங்: இறுகிப்போன செக் நட்டைக் கழற்றிய விதம்

குளியலறை வாஷ்பேசினின் பழைய வேஸ்ட் கப்ளிங்கை (வடிதுளையில் பொருந்தி, நீரை அடிக்குழாய்க்கு விடும் உலோகப் பாகம்), பீங்கானில் ஒரு கீறலும் விழாமல் இன்று வெளியே எடுத்துவிட்டேன் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். அத்தகைய நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதால், செம்பு மட்டும் வலுவின்றி மிஞ்சுகிறது. கழற்றிய கப்ளிங்கை முறித்துப் பார்த்தபோது, மஞ்சளாக இருக்க வேண்டிய உட்புறம் செங்கல் நிறத்தில் உதிர்ந்தது.

வேலையின் கடினமான பகுதி, கப்ளிங்கை அடியிலிருந்து பேசினோடு இறுக்கிப் பிடிக்கும் செக் நட்தான். பைப் ரெஞ்சால் திருகினால் கப்ளிங்கும் சேர்ந்தே சுழன்றது. மேலிருந்து சல்லடையில் பிளையரைச் செருகிப் பிடித்தாலோ, அரித்துப்போன குறுக்குக் கம்பிகள் ஒடிந்து கையோடு வந்தன. இந்நிலையில் நட்டை அறுப்பதே சரியான வழி. ஹேக்சா சட்டத்துக்கு அங்கே இடமில்லாததால், பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சற்றுச் சாய்வாக அறுத்தேன். பழைய கப்ளிங் குப்பைக்குத்தான் போகிறது என்பதால் மரையில் பிளேடு பட்டாலும் கவலையில்லை; ஆனால் மேலேயுள்ள ரப்பர் வாஷரைத் தாண்டிப் பீங்கானைத் தொட்டுவிடக் கூடாது. முக்கால் பங்கு அறுத்ததும், தட்டை ஸ்க்ரூடிரைவரை அந்த வெட்டில் வைத்துத் திருப்ப, நட் சட்டென்று பிளந்துகொண்டது. மேல் விளிம்புக்கு அடியில் முன்பு யாரோ வெள்ளைச் சிமென்ட் வைத்து இறுக்கியிருந்தார்கள். சிலிக்கான் பசை எளிதாகக் கிடைக்கும் இக்காலத்திலும் பிளம்பர்கள் இப்பழக்கத்தை விடாதிருப்பது எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது. அடியிலிருந்து சுத்தியலால் தட்டினால் பேசின் விரிசல் விடும் என்பதால், மெல்லிய பட்டித் தகட்டால் சுற்றிலும் சுரண்டியே எடுத்தேன்.

புதியது 32 மி.மீ. பித்தளை, கீழ்ப்பகுதியில் மட்டும் மரையுள்ள ஹாஃப் த்ரெட் வகை. சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெருவில் கையில் எடுத்து எடை பார்த்து வாங்குவதையே விரும்புகிறேன். காந்தம் ஒட்டினால் அது பித்தளையன்று. ஒட்டாவிட்டாலும் துத்தநாகக் கலவையாக இருக்கக்கூடும் என்பதால், பூச்சில்லாத உள்மரையில் மஞ்சள் நிறம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பேசினில், நீர் விளிம்பைத் தாண்டி வழியாமல் வடிக்கும் ஓவர்ஃப்ளோ துளை உண்டு. ஆகவே அந்த நீர் நுழையும் கப்ளிங்கின் பக்கத் துளைகள் பீங்கானின் தடிமனுக்குள்ளேயே அடங்கி, ரப்பர் வாஷருக்கு மேலே நிற்கின்றனவா என்பதை முதலில் வெறுமனே பொருத்திச் சரிபார்த்தேன். துளை கீழே இறங்கினால் எத்தனை டெஃப்ளான் டேப் சுற்றினாலும் கசிவு நிற்காது. விளிம்புக்கு அடியில் சிலிக்கான் வைத்து, வாஷர் அமரும் மரையிலும் சிறிது தடவி, நட்டைக் கையால் இறுக்கியபின் ரெஞ்சால் கால் சுற்று மட்டும் கொடுத்தேன்.

சிலிக்கான் காய 24 மணி நேரம் வேண்டும். அதற்குள் நெளிவு பி.வி.சி. குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு பாட்டில் ட்ராப் (புட்டி வடிவ வடிகால் பாகம்) வாங்கும் எண்ணம் வந்துவிட்டது. அடிக்கிண்ணத்தைக் கையால் கழற்றிக் கழுவலாம், தேங்கும் நீர் சாக்கடை வாடையையும் தடுக்கும். சுவரிலுள்ள குழாயின் விட்டத்தை அளந்துவிட்டேன். நாளை பழைய குழாயையே தற்காலிகமாக மாட்டி, ஓவர்ஃப்ளோ வரை நீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்துச் சோதித்த பிறகே ட்ராப் வாங்கப் போவேன்.