கல்லறை பாக்க ஜோடியா போனோம்

எங்க மாமியார் வீடு நாகர்கோவில். கல்யாணமான புதுசுல கிறிஸ்மஸ்னாலே எனக்கு அடுக்களைதான், முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கணும், அச்சப்பம் சுடணும், விடியக்காலம் ஹோம் சர்ச்னு சொல்ற எங்க ஊரு பெரிய சர்ச்சுக்கு போகணும், வந்த உடனே ஆப்பம் கோழிக்கறி, அப்புறம் சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி இறங்கணும். இவரு அந்த நாலஞ்சு நாளும் குடில் கட்டற பசங்களோட ஏணி மேலதான். அதனால இந்த தடவ முன்கூட்டியே சொல்லிட்டேன், 25 சாயங்காலம் வரைக்கும் நான் மருமக, அதுக்கப்புறம் நியூ இயர் வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் யாரும் கூப்பிடக்கூடாதுன்னு. மாமி சிரிச்சிட்டு "போயிட்டு வா மக்களே, வண்டில பெட்ரோல் கெடக்கான்னு பாத்துக்கோ"ன்னாங்க.

முதல்ல கன்னியாகுமரிதான் போனோம், அத சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். விவேகானந்தர் அந்த பாறைல உக்காந்து தியானம் பண்ணது 1892 டிசம்பர் 25, 26, 27, சரியா இதே கிறிஸ்மஸ் நாள்தான், ஆனா இப்ப அதே தேதில போனா படகு கியூலயே பாதி நாள் போயிடும். வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வேற 2024 கடைசில திறந்துட்டாங்களா, அதுல நின்னு நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கற மாதிரி ஒரு போட்டோ எடுக்க முடியல, பின்னாடி யாரோ ஒரு தாத்தா குரங்கு குல்லாவோட வந்துட்டே இருக்காரு. டிசம்பர்ல ஒரே ஒரு லாபம், சூரியன் தெக்க சாஞ்சு போறதால உதயமும் அஸ்தமனமும் ரெண்டுமே கடல்லயே தெரியும். அதுக்காக வேணா போகலாம்.

மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனைன்னதும் இவரு முகம் போன போக்கப் பாக்கணுமே. "அங்கன என்ன கெடக்கு பாக்கதுக்கு, ஸ்கூல்லயே கூட்டிட்டுப் போனாவ"ன்னு. உள்ளூர்க்காரங்க எல்லாருக்கும் இதே பதில்தான். 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கே தலைநகரா இருந்த ஊரு, 1956ல குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த பிறகும் அரண்மனைய மட்டும் கேரளாதான் பாத்துக்குது, தக்கலை பக்கத்துல நின்னுட்டு மலையாளம் பேசறவங்ககிட்ட டிக்கெட் வாங்கறது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஜாலியா இருக்கும். செருப்ப கழட்டிட்டு அந்த கருப்புத் தரைல கால வச்சா ஜில்லுனு இருக்கு, தேங்கா சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேத்து இழைச்ச தரையாம், நம்ம மூஞ்சி தெரியுது. ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலைல அந்த கலர் கலர் ஜன்னல் வழியா வெளிச்சம் விழற இடத்துல இவர நிக்க வச்சு எடுத்த போட்டோதான் இப்ப என் போன்ல வால்பேப்பர். (திங்கக்கிழமை லீவு, மறந்துடாதீங்க.)

ஆனா எனக்கு பிடிச்சது அதுக்கப்புறம் போன உதயகிரி கோட்டை. புலியூர்க்குறிச்சில ஹைவே ஓரமாவே இருக்கு, பஸ்ல போறவங்க யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. உள்ள மரங்களுக்கு நடுவுல கூரை இல்லாத ஒரு சின்ன சர்ச், அதுக்குள்ளதான் டிலனாய் கல்லறை. டச்சுக் கம்பெனிக்காரரு, 1741 குளச்சல் போருல தோத்து மார்த்தாண்ட வர்மாகிட்ட மாட்டினவரு, அப்புறம் அந்த ராஜா படைக்கே பயிற்சி குடுத்து வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆகி 1777ல இங்கயே செத்துப் போனாரு, ஊருக்கு திரும்பல. கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. பக்கத்துலயே பொண்டாட்டி மார்கரெட், பையன், எல்லாரும் ஒரே கூரையில்லா வீட்டுக்குள்ள. நாங்க போனப்ப ஒரு ஆள் இல்ல. இவருதான் அந்த தமிழ் எழுத்த எழுத்துக்கூட்டி படிச்சாரு, "ஸ்கூல்ல வந்தப்ப இதெல்லாம் எவன் பாத்தான், கெடச்ச கேப்புல மாங்கா பறிச்சோம்"ன்னாரு.

அங்க உக்காந்துதான் தேவசகாயம் பிள்ளை கதைய சொன்னாரு, சின்ன வயசுலேந்து கேட்டு கேட்டு இவருக்கு அத்துபடி. டிலனாயோட பழகி அவர் மூலமா கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவரு, 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், கூடவே அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ ஆனாங்க. 1752ல ஆரல்வாய்மொழி காற்றாடி மலைல அவர சுட்டுக் கொன்னாங்க. 2022ல புனிதர் பட்டம் குடுத்தது எல்லாருக்கும் தெரியும், அவர் கல்லறை கோட்டாறு சவேரியார் கோயில்ல, எப்பவும் மெழுகுதிரி கூட்டம். ஆனா ஞானப்பூ அம்மா கல்லறை இருக்கறது வடக்கன்குளத்துல. டிலனாய் ஜோடி ஒண்ணா கெடக்குது, அவர் கைதூக்கி விட்ட ஜோடி தனித்தனியா, நடுவுல ஆரல்வாய்மொழி கணவாய் வேற. எனக்கு அது மனசு கேக்கல, இவர விட்டேனா, கோட்டாறுக்கும் போயிட்டு மறுநாள் வடக்கன்குளத்துக்கும் வண்டிய விட சொன்னேன். ஆரல்வாய்மொழி தாண்டற வரைக்கும் காத்து எங்கள வண்டியோட தள்ளுச்சு, இவரு புலம்பிட்டே வந்தாரு, ஆனா வழில தோவாளைல நிறுத்தி கேக்காமலே பிச்சிப்பூ வாங்கி குடுத்தாரு, அந்த சீசன் விலைக்கு அது பெரிய விஷயம்.

முட்டம் கடற்கரைல ஒரு சாயங்காலம், பாறைல உக்காந்து ரசவடை, சாயா. அத பத்தி நான் எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, எல்லாரும் எழுதிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் மாமி "எங்கெல்லாம் போனீங்க"ன்னாங்க, சொன்னோம். "நல்ல நாளும் அதுவுமா ஜோடியா கல்லறை தோட்டமா சுத்துனீங்க?"ன்னு தலைல அடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே வந்து, வடக்கன்குளம் நான் பாத்ததில்ல மக்களே, அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டு போங்கன்னாங்க. ஆக அடுத்த கிறிஸ்மஸுக்கு வண்டி பத்தாது, கார்தான். சென்னைலேந்து வர்றவங்க டிசம்பர் 23க்கு ரயில் டிக்கெட் வேணும்னா அக்டோபர் கடைசிலயே போட்டுடுங்க, 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் திறந்ததும் எல்லா ரயில்லயும் வெயிட்டிங் லிஸ்ட் வந்துடும்.