ஹெடரைப் பார்க்காததால் போன மூன்று நாட்கள்

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நடத்தும் சிறிய வாசகசாலைக்காக, கேரள எல்லையில் வாழும் தமிழர்களைப் பற்றி மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் வரும் பதிவுகளை மூன்று ஆண்டுகளாகப் புக்மார்க் செய்து வந்தேன். ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீர், மூலத்தரையில் அது வந்து சேரும் நாட்கள், தமிழ்வழி வகுப்புகளின் நிலை என்று விவசாயிகளும் ஆசிரியர்களும் எழுதியவை அவை. எழுதியவர்களின் சம்மதத்தோடு அவற்றை அச்சிட்டு, பைண்ட் செய்து வாசகசாலையில் வைக்க விரும்பினோம். பதிவுகளை நிரல் மூலம் எடுக்க, செயலியைப் பதிவு செய்து, புக்மார்க்குகளைப் படிக்கும் அனுமதியுடன் டோக்கன் (நிரலுக்கான நுழைவுச் சாவி) வாங்குவது பத்து நிமிடத்தில் முடிந்தது.

நிரல் சர்வரிடம் கேட்கும் ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 40 பதிவுகள்தான் கிடைக்கும். ட்விட்டரின் இரண்டாம் பதிப்பு ஏபிஐயில் (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) பழகியவன் நான். அங்கே தரவு வரும் எழுத்து வடிவமான ஜேசனுக்குள்ளேயே ‘மெட்டா’ என்றொரு பகுதி இருக்கும், அடுத்த பக்கத்தைக் குறிக்கும் டோக்கனும் அதிலேயே வந்துவிடும். மாஸ்டடானின் ஜேசனிலோ பதிவுகளின் பட்டியலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே பட்டியலில் கடைசியாக இருந்த பதிவின் ஐடியை ‘மேக்ஸ் ஐடி’யாக, அதாவது இதற்குக் கீழுள்ளவற்றைத் தா என்ற எல்லையாகக் கொடுத்து அடுத்த பக்கத்தைக் கேட்டேன். ஹேஷ்டேக் பதிவுகளை எடுக்க இதே வழி முன்பு சரியாக உதவியிருந்ததால் எனக்கு ஐயம் எழவில்லை.

நான்கு நிமிடம் ஓடி நிரல் நின்றது. கோப்பில் 12,000 பதிவுகள் இருந்தன. அதில் ஒரு பகுதியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏறினேன். அச்சுக்கடைக்காரர் முப்பது பக்கம் ஓடியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “தம்பி, ஒரே சேதி திரும்பத் திரும்ப வருதுங்களே, பாத்துட்டுத்தான் கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டார். 40 பதிவுகள், 300 முறை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது பக்கத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று இரவு முழுவதும் ஆனது. புக்மார்க் பட்டியலைப் பக்கம் பிரிப்பது பதிவின் ஐடியைக் கொண்டு அல்ல. புக்மார்க் செய்த செயலுக்கென்று சர்வர் தனியாக வைத்திருக்கும் உள் எண்ணைக் கொண்டே. பதிவின் ஐடி 18 இலக்கம் கொண்டது, அந்த உள் எண்ணோ மிகச் சிறியது; அதனால் நான் கொடுத்த எல்லைக்குள் எல்லாமே அடங்கி, ஒவ்வொரு முறையும் முதல் 40 பதிவுகளே வந்தன. அந்த உள் எண் ஜேசனில் எங்கும் கிடையாது. பதிலோடு ஜேசனுக்கு வெளியே தனியாக வரும் குறிப்புகள்தான் ஹெடர்கள்; அவற்றில் ‘லிங்க்’ என்ற ஹெடரில் ‘நெக்ஸ்ட்’ என்ற குறிப்போடு வரும் முகவரியில்தான் அது இருக்கிறது. ஃபேவரிட் பட்டியலுக்கும் இதே கதைதான். அந்த முகவரியை முழுதாக எடுத்து அப்படியே அழையுங்கள். எண்களை நீங்களே கோக்க முயலாதீர்கள்.

ஹெடர் ஒவ்வொரு அழைப்பிலும் வந்துகொண்டுதான் இருந்தது. நான் எழுதி வைத்திருந்த துணைச் செயற்கூறு பதிலின் ஜேசனை மட்டும் திருப்பிக் கொடுத்து, மற்றவற்றை அங்கேயே கைவிட்டுவிட்டது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் பதில் பொருளை முழுதாக வைத்துக்கொண்டால், ‘ரெஸ்பான்ஸ்.லிங்க்ஸ்’ இந்த ஹெடரைப் பிரித்தே தந்துவிடுகிறது. அழைப்பு வெற்றியா தோல்வியா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோடையும் நான் சோதிக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு 300 அழைப்பு என்ற வரம்பு முடிந்து, அதைச் சொல்லும் 429 என்ற கோடு வந்ததை, பதிவுகள் தீர்ந்துவிட்டன என்று என் நிரல் எடுத்துக்கொண்டது.

வரம்பைக் கவனித்து நடக்கும்படி திருத்தியபோது அடுத்த இடறல் வந்தது. ட்விட்டருக்காக எழுதிய பழைய வரிகளில், வரம்பைச் சொல்லும் ஹெடரின் பெயரில் ‘ரேட்’, ‘லிமிட்’ இரண்டுக்கும் நடுவே இணைப்புக்குறி இருந்தது. மாஸ்டடானின் ஹெடர் பெயரில் அவை ஒரே சொல்லாக வருகின்றன. எழுத்து பெரியதா சிறியதா என்பதை நூலகம் பொருட்படுத்தாது, ஆனால் இணைப்புக்குறியைப் பொருட்படுத்தும். மதிப்பு வெறுமையாகவே வந்தது. பெயரைத் திருத்தியதும் நேரத்தில் சிக்கல். ட்விட்டரில் வரம்பு புதுப்பிக்கப்படும் நேரமான ‘ரீசெட்’ என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் விநாடிகள். மாஸ்டடானிலோ அது தேதியும் நேரமும் சேர்ந்த எழுத்துத்தொடர், அதுவும் உலகப் பொது நேரத்தில். என் கடிகாரம் இரவு 8.02 காட்டியபோது ஹெடர் 14.35 என்றது. அது நம் நேரப்படி 8.05 என்பதை உணராமல் கழித்துப் பார்த்ததில், காத்திருக்க வேண்டிய நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போய் நிரல் பிழையோடு நின்றது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை நீங்களே கூட்டிக் கழிக்க வேண்டாம். இரு நேரங்களையும் நேர மண்டலத்தோடு சேர்த்தே ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்வரை நடத்துபவரிடம் உதவி கேட்டபோது, அவர் முதலில் கேட்டது ஒவ்வொரு அழைப்பையும் அடையாளம் காட்டும் ‘எக்ஸ்-ரிக்வெஸ்ட்-ஐடி’ ஹெடரைத்தான். நான் எதையும் பதிந்து வைக்காததால் கொடுக்க முடியவில்லை. இப்போது ஒவ்வொரு அழைப்பின் ஸ்டேட்டஸ் கோடும் ஹெடர்களும் ஜேசனுக்கு முன்பாகவே லாக் கோப்பில் எழுதப்படுகின்றன.

மூன்றாம் நாள் இரவு, ‘நெக்ஸ்ட்’ இல்லாத பக்கம் வந்ததும் நிரல் தானாக நின்றது. 29 அழைப்புகள், 1,126 பதிவுகள்; ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. மீதமுள்ள அழைப்புகள் 271 என்று ஹெடர் காட்டியது.