பட்டனை மிதிச்சா 'டிக்'னு சத்தம் மட்டும் வருது

பாய்மரப் படகுல முன்பக்கம், நம்மூர் மீனவங்க அணியம்னு சொல்ற இடத்துல, நங்கூரச் செயினை இழுக்கறதுக்கு ஒரு மோட்டார் உக்காந்திருக்கும், விண்ட்லாஸ்னு பேரு. காலால மிதிக்கற மாதிரி ஒரு ரப்பர் சுவிட்ச், மிதிச்சா செயின் கடகடன்னு மேல வரும். அது வராம போன கதைதான் இது.

மலேசியாவுல பங்கோர் தீவுக்கு மேக்கால, தெலுக் நிப்பா கடற்கரைக்கு எதிர்க்க, 7 மீட்டர் தண்ணில நங்கூரம் போட்டிருந்தோம். படகு அண்ணனோடது, 38 அடி. நான் ஓசிக்கு ஊர் சுத்தறவன், பதிலுக்கு வயரிங் வேலை பாத்துக் குடுப்பேன். விடியக்காலம் 4 மணி இருக்கும், மேக்கே மின்னல் வெட்டுது. மலாக்கா நீரிணைல படகு ஓட்டறவங்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவக்காத்து மாசங்கள்ல சுமத்ரா பக்கமிருந்து விடியறதுக்குள்ள ஒரு காத்தும் மழையும் சேந்து அடிச்சுக்கிட்டு வரும், அதுக்குப் பேரே 'சுமத்ரா'தான். மேக்கேயிருந்து அடிச்சா நமக்குப் பின்னாடி கரை, நங்கூரம் நழுவுச்சுன்னா மணல்லதான் போய் நிக்கணும். அண்ணன் எஞ்சினைப் போட்டுட்டு "தூக்கு தம்பி"ன்னாரு. மிதிச்சேன். டிக். மறுபடி மிதிச்சேன், டிக். செயின் அப்படியே நிக்குது.

கையாலதான் இழுத்தோம். 8 மில்லி செயின் மீட்டருக்கு ஒன்றரை கிலோ கிட்ட வரும், 7 மீட்டர் ஆழம்னா தொங்கறது பத்து கிலோ, நங்கூரம் ஒரு 20 கிலோ, காகிதத்துல பாத்தா ஒண்ணும் பெருசில்ல, ஆனா அலைல படகு மூக்கைத் தூக்கித் தூக்கி அடிக்கறப்ப அந்தக் கணக்கெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. தீவைச் சுத்திக்கிட்டு, எதிர்க்கரைல இருக்கற லூமுட் ஊர் பக்கம் மறைவா போய்ச் சேர்றதுக்குள்ள என் உள்ளங்கை ரெண்டும் போச்சு.

மறுநாள் மீட்டரை எடுத்தேன். பேட்டரில 12.7 வோல்ட், முன்னாடி சொலினாய்டு பாக்ஸுக்கு (சுவிட்சை மிதிச்சா மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்து விடறது, அந்த 'டிக்' அதோட சத்தம்தான்) வர்ற வயர்லயும் 12.7. கரன்ட் வந்து சேருது, டிக்குன்னு சத்தமும் வருது, அப்ப உள்ள இருக்கற கான்டாக்ட்தான் தேஞ்சிருக்கணும்னு முடிவு பண்ணி புது பாக்ஸ் வாங்கி மாட்டினேன். காசு அண்ணனோடது. மிதிச்சா... டிக்.

நான் பண்ணின தப்பு, குழாயை மூடி வச்சுட்டு பைப்புல அடைப்பு இருக்கான்னு பாத்த மாதிரி. கரன்ட் ஓடாதப்ப எவ்ளோ மோசமான ஜாயின்ட்டா இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். மோட்டார் 80, 90 ஆம்ப்பியர் இழுக்கறப்பதான் குட்டு வெளிய வரும். அதனால செயின் நகராம பிடிச்சு நிறுத்தற ஸ்டாப்பர்ல அதை மாட்டி, அண்ணனை சுவிட்சை மிதிக்கச் சொல்லி, மிதிக்கற அந்த ரெண்டு செகண்டுக்குள்ள அளந்தேன் (அதுக்கு மேல மிதிச்சா மோட்டார் வெந்துரும்). பேட்டரில 12.3, அது நல்லாத்தான் இருக்கு. மோட்டார் முனைல 5.2! ஏழு வோல்ட் வழில காணாமப் போயிருக்கு.

எங்க போச்சுன்னு பாக்க ஒரு நீள வயரை மீட்டர்ல சேத்துக்கிட்டேன். பேட்டரி பாசிட்டிவ்ல ஒரு முனை, மோட்டார் பாசிட்டிவ்ல ஒரு முனை, மிதி அண்ணே. 0.6. பிரேக்கர், சொலினாய்டு எல்லாம் சேத்து அவ்ளோதான், பரவால்ல. அடுத்து நெகட்டிவ்லயிருந்து நெகட்டிவ். 6.5.

எல்லாரும் பாசிட்டிவையே நோண்டுவாங்க, நெகட்டிவ் வயரை ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், நானும்தான். வயரைச் சுத்திக் கவ்வி கரன்ட்டை அளக்கற டிசி கிளாம்ப் மீட்டர்ல (வீட்டு வேலைக்கு வச்சிருக்கற சாதா கிளாம்ப் ஏசி மட்டும்தான் காட்டும், இது தனியா வாங்கணும்) 70 ஆம்ப்பியர். 6.5ஐ 70ஆல பெருக்கினா 455 வாட், ஒரு ரைஸ் குக்கரை மரப்பலகைக்குப் பின்னாடி வச்சு எரிச்ச மாதிரி. பயமான விஷயம் என்னன்னா, மோசமான ஜாயின்ட் கரன்ட்டைக் குறைச்சுருது, அதனால 100 ஆம்ப்பியர் பிரேக்கர் ட்ரிப்பே ஆகாது. சூடு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும்.

செயின் லாக்கருக்குப் பின்னாடி பலகையைக் கழட்டினா நெகட்டிவ் பஸ்பார், அதாவது வயரெல்லாம் வந்து சேர்ற செம்புப் பட்டை, அதுல ஒரு லக்கை (வயர் நுனில மாட்டற உலோக வளையம்) சுத்தி வயர் உறை பழுப்பா சுருங்கி, ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. நட்டைக் கழட்டினேன். லக்குக்கும் பாருக்கும் நடுவுல ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பை விட நாப்பது மடங்கு கிட்ட கரன்ட்டைத் தடுக்கும், இதுல உப்புக்காத்து வேற. லக் நேரா பாருல ஒட்டி உக்காரணும், வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு எல்லாம் அதுக்கு மேலதான் வரணும். ரெண்டு வருஷத்துக்கு முன்ன அந்த வாஷரை அங்க போட்டது யாருன்னா, நான்தான்.

லக்கை வெட்டிட்டு வெள்ளீயம் பூசின புது லக்கை வயர் நுனில அழுத்திக் கிரிம்ப் பண்ணி, பாரைத் தேச்சுப் பளபளப்பாக்கி இறுக்கி, மேல கிரீஸ் தடவினேன். லூமுட் பக்கமே நங்கூரத்தைத் தூக்கிப் பாத்தோம், நெகட்டிவ் பக்கம் 0.4 வோல்ட். 50 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர் போக 12 மீட்டர், வர 12 மீட்டர், அதுக்கு இது நியாயமான இழப்புதான். கடகடன்னு செயின் வந்துச்சு.

பழைய சொலினாய்டு பாக்ஸ்ல ஒரு பழுதும் இல்ல. ஸ்பேருன்னு டிராயர்ல கிடக்கு. அண்ணன் எப்ப ஸ்க்ரூடிரைவர் தேடினாலும் அதை எடுத்து வெளிய வச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் தேடுவாரு.