முருங்கைக்காய் பறிக்காத குடை

போன வருடம் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. நாகர்கோவில் போய்விட்டு வந்த அம்மா ஆரல்வாய்மொழியில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் குடையை விரித்தார். நாலு எட்டு வைப்பதற்குள் காளான் தாமரையாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் குடையை என் முன்னால் போட்டுவிட்டு, "மக்களே, பத்தொன்பது வருடமாகக் காற்றோடுதானே வேலை செய்கிறாய், காற்றுக்குத் தாங்குகிற குடை ஒன்று செய்யத் தெரியாதா?" என்று கேட்டார்.

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். எங்கள் ஊரில் காற்றாடி என்றுதான் சொல்வோம். அம்மா கேட்டது கிண்டலாகத்தான். எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

எங்கள் ஊர்க் காற்றை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஒரு வாசல் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே கதைதான். ஆனியில் தொடங்கி ஆவணி வரை இதுதான் பாடு. மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப்புறமே கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே வந்து சேருவது சாரல். அதுவும் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். தலைக்கு மேல் குடை பிடிப்பவர் வெளியூர்க்காரர் என்று கண்டுகொள்ளலாம். உள்ளூர்க்காரர்கள் கேடயம்போல் முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்திருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி கடக்கும், அல்லது கடை மூலையில் திரும்புவோம், காற்று ஒரு நொடி குடைக்கு உள்ளே புகும். அவ்வளவுதான்.

குடைக்கு உள்ளே புகுந்தால் மட்டும் ஏன் இந்த வெறி? இதற்கான பதில் பத்தொன்பது வருடமாக என் கண்ணெதிரே சுழன்றுகொண்டிருக்கிறது. காற்றாடி உச்சியில், நாசெல் என்கிற பெட்டிமேல் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கும். மூன்று சின்னக் கிண்ணங்கள் ஒரு தண்டைச் சுற்றி ஓடும். ராபின்சன் என்கிற ஐரிஷ் வானியலாளர் 1846இல் நான்கு கிண்ணம் வைத்துச் செய்தது, பிற்பாடு மூன்றாயிற்று. அது ஏன் சுழல்கிறது? கிண்ணத்தின் குழிந்த பக்கத்தில் படும் காற்று, குவிந்த பக்கத்தில் படுவதைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு தள்ளுகிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி அரைக்கோளத்தின் குழிந்த பக்கத்துக்கு இழுவைக் கெழு (ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு தள்ளும் என்று காட்டும் எண்) 1.4, குவிந்த பக்கத்துக்கு 0.4. குடையும் ஒரு கிண்ணம்தானே!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் 23 இஞ்ச் என்று சொல்லி விற்கிற குடையை (அந்த அளவு கம்பியின் நீளம்) விரித்தால் முக்கால் சதுர மீட்டர் துணி காற்றுக்கு முகம் காட்டும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால், உள்ளே புகும்போது ஆறு கிலோ சொச்சம் எடைக்குச் சமமாகத் தள்ளும். அதுவே 72 ஆனால் பன்னிரண்டு கிலோ ஆகாது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, ஆகவே 25 கிலோ. ஒரு அரிசி மூட்டை! குடை முழு அரைக்கோளம் இல்லை, கொஞ்சம் தட்டையானது, எனவே ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருக்கலாம். அரிசி மூட்டையை எட்டு மெல்லிய கம்பிகளின் நுனியில் தொங்கவிட்டால் கம்பி என்ன செய்யும், பாவம்.

இவ்வளவு தெரிந்தும் முதலில் முட்டாள்தனம்தான் செய்தேன். கம்பி வளைகிறதா, கெட்டியாக்கிவிடு. பழைய சைக்கிள் ஸ்போக்குகளை எட்டுக் கம்பிக்கும் துணையாக வைத்து மெல்லிய செம்புக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். குடை ஒன்றரை மடங்கு கனத்தது. ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் கையடக்க வேகமானியோடு காலி நிலத்தில் போய் நின்றேன். 45 காட்டியது. குடையின் உள்பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பினேன். குடை மடங்கவே இல்லை. என்னை மூன்று எட்டு இழுத்துக்கொண்டு போயிற்று, பிறகு காம்பு நடுவில் மடங்கியது. மணிக்கட்டு ஒரு வாரம் வலித்தது. கம்பி வாங்கிக்கொள்ளாத விசை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? ஒன்றரை முழக் குச்சியின் முனையில் பத்துக் கிலோவைக் கட்டி ஒற்றைக் கையால் பிடித்துப் பாருங்கள், புரியும்.

மடங்கிய காம்போடு நாகர்கோவில் வடசேரிக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு அருகே குடை பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர், சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். நான் கட்டிய ஸ்போக்குகளைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "தம்பி, எந்தக் கம்பியும் நடுவில் முறியாது. முட்டுக்கம்பி வந்து சேருகிற ஆணித்துளையில்தான் முறியும்" என்றார். காம்பிலிருந்து கிளம்பிக் கம்பியைத் தாங்குகிற சின்னக் கம்பிதான் முட்டுக்கம்பி. பெட்டியைக் கவிழ்த்து முறிந்த கம்பிகளைக் காட்டினார். ஒரு கை நிறைய இருந்தவற்றில் முக்கால்வாசி அந்த இடத்தில்தான் போயிருந்தன. மூன்றாக மடக்கிக் கைப்பையில் வைக்கிற குடைகளில் இப்படிப்பட்ட மூட்டுகள் இன்னும் அதிகம். அவருக்கு அவைதான் சோறு போடுகின்றன.

அந்தக் கம்பிகளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குறுக்குவெட்டில் ப வடிவம், சின்ன வாய்க்கால் மாதிரி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்கிற ஊரில் கம்பி இழுக்கும் ஆலை நடத்திய சாமுவேல் ஃபாக்ஸ் 1852இல் கொண்டுவந்த யோசனை அது. அதற்கு முன்பு திமிங்கலத்தின் வாய்த்தகடுகளைச் சீவிக் குடைக்குக் கம்பியாக வைத்தார்கள். ஃபாக்ஸின் வாய்க்கால் கம்பி குறைந்த எடையில் நிறைய விறைப்பைக் கொடுத்தது. நூற்று எழுபது வருடம் கழித்து வடசேரிச் சாக்கின்மேல் அதே வாய்க்கால் கிடக்கிறது. ஆனால் ஒரு அளவுக்கு மேல் வளைந்தால் வாய்க்காலின் சுவர்கள் நசுங்கிவிடும், பிறகு நேராகாது.

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். கம்பி நுனியில் துணியைத் தைக்கிற நூலை அவர் வேண்டுமென்றே மெல்லியதாகப் போடுவாராம். பெருங்காற்றில் நூல் அறும், துணி விலகும், கம்பி பிழைக்கும். நூலுக்கு ஐந்து ரூபாய், கம்பிக்கு நாற்பது. நாங்கள் இதை ஃபியூஸ் என்போம். ஒரு பொருளை வடிவமைக்கும்போது எது முதலில் கெட்டுப்போக வேண்டும் என்று தீர்மானிப்பது பாதி வேலை. அதைச் சாக்கில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் போய்க் கேட்கவேண்டியிருந்தது எனக்கு.

இரண்டாவது குடைக்கு ஃபைபர் கம்பி வாங்கினேன். கண்ணாடி இழை. காற்றாடியின் இறக்கையும் அதே பொருள்தான், பலத்த காற்றில் அது வளைந்து மீள்வதை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். குடை தாமரையானாலும் உதறினால் காளானாகிவிடும். கூடவே, உச்சியில் ஒரு வட்டம் வெட்டி எடுத்துவிட்டு, மேலே இன்னொரு துணிக் கூரையைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து வைக்கச் செய்தேன். கோல்ஃப் குடைகளில் உண்டு இந்த ஏற்பாடு. உள்ளே புகும் காற்று மேல் வழியாகத் தப்பித்துவிடும். காற்றைப் பொறுத்தவரை நன்றாகவே வேலை செய்தது. சாரல்தான் காரியத்தைக் கெடுத்தது. இரண்டு துணியும் ஒன்றன்மேல் ஒன்று இரண்டு இஞ்ச்தான் படிந்திருந்தன. பக்கவாட்டுச் சாரல் அந்த இடைவெளியில் அழகாக நுழைந்து அம்மாவின் உச்சந்தலையில் இறங்கியது. நான்கு இஞ்ச் விட்டிருக்க வேண்டும். அம்மா அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

மூன்றாவது குடைக்கான யோசனை மறுபடியும் நாசெல் மேலேதான் கிடைத்தது. கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வால் இருக்கிறதே, காற்றுத் திசைகாட்டி! குடை ஏன் மடங்குகிறது என்று கிண்ணம் சொன்னது. எப்படிக் காப்பாற்றலாம் என்பதை இந்த வால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. சுழலும் புள்ளிக்குப் பின்னால் அதிகப் பரப்பு இருந்தால் காற்றே அதை நேராகத் திருப்பிவிடும்.

ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த நினைப்பில் இரண்டு நாள் மிதந்தேன். பிறகு இணையத்தில் தேடினால், நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த கெர்வின் ஹோகன்டோர்ன் இதை என்றைக்கோ செய்து முடித்துவிட்டார். காம்பு நடுவில் இல்லாத குடை. முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, நண்பர்களோடு நிறுவனம் தொடங்கி, 2006இல் சென்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். நியூசிலாந்துக்காரர் கிரெய்க் பிரெப்னர் வேறு வழியில் போயிருக்கிறார். நெட்டையான அவருக்கு லண்டன் தெருக்களில் பிறர் குடைக்கம்பி கண்ணைக் குத்த வந்ததுதான் தொடக்கம். அவருடைய பிளன்ட் குடையில் கம்பிமுனைகள் மழுங்கல், துணி விளிம்புவரை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், படபடப்பதற்கே இடம் கிடையாது. இரண்டிலும் எனக்கு டெல்ஃப்ட்காரர்தான் நெருக்கம். ஒருவேளை காற்றாடிக்காரன் என்பதால் இருக்கலாம்.

100 கிலோமீட்டர் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. குடை நிற்கும், பிடித்திருக்கும் ஆள் நிற்க வேண்டாமா? 90ஐத் தொட்டால் எங்கள் காற்றாடியே போதும் சாமி என்று நிறுத்திக்கொள்ளும். மேலும் சுரங்கத்துக் காற்று சீரானது. ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு லாரியும் உண்டு, திரும்பும் மூலையும் உண்டு.

மார்கழியில் வேலையைத் தொடங்கினேன். முன்பக்க மூன்று கம்பிகளை 18 இஞ்சாக வெட்டினேன், பின்பக்கம் மூன்றுக்கு ஒரு பெரிய குடையிலிருந்து எடுத்த 27 இஞ்ச் ஃபைபர் கம்பி, பக்கத்துக்கு ஒன்றாகப் பழைய 23. துணி வெட்டுவதுதான் உயிரை வாங்கியது. எட்டுத் துண்டும் ஒரே அளவாக இருந்தால் தையல்காரர் ஒரு அட்டை வைத்து வெட்டிவிடுவார். இதற்கு நான்கு விதமான அட்டை. மூன்று முறை பிரித்துத் தைத்தார், நான்காவது முறை வாசலில் என்னைக் கண்டதும் மின்விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாசியில் காற்று படுத்துவிடும். ஆகவே நாமே காற்றை உண்டாக்க வேண்டும். விடியற்காலையில், காற்றாடிகளுக்கு நடுவே போகும் ஆளில்லாச் சர்வீஸ் சாலையில் நண்பர் பிக்அப் வண்டியை ஓட்ட, பின்னால் குடையோடு நின்றேன். யார் கண்ணிலாவது பட்டிருந்தால் நேராகப் பெருமாள் கோவிலுக்கு மந்திரிக்க அழைத்துப் போயிருப்பார்கள். 30இல் ஒன்றுமில்லை. 40இல் வேண்டுமென்றே நீளப்பக்கத்தை முன்னால் வைத்துப் பிடித்தேன். குடை என் கையை முறுக்கியது. வளைந்த பிடி உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு திரும்பவிடாமல் தடுத்தது, பின்பக்கக் கம்பி ஒன்று எகிறியது. அன்றைக்கு அத்தோடு சரி.

குடை தானாகத் திரும்ப வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, திரும்ப முடியாத பிடியை வைத்திருக்கிறேன்! வளைந்த பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அரத்துக்குப் போடுகிற உருண்டை மரப்பிடியை மாட்டினேன். மறுவாரம் 40இல் நீளப்பக்கத்தை முன்னால் வைத்ததும், பிடி உள்ளங்கையில் வழுக்கிச் சுழன்று, வால் பின்னால் போய் நின்றது. 50. 60. குட்டை முகம் காற்றைப் பார்த்தபடி, நான் பிடித்திருக்கிறேனா இல்லையா என்ற கவலையே இல்லாமல் நின்றது குடை. வண்டியை நிறுத்தியதும் நண்பர், "எனக்கு ஒன்று செய்து கொடு" என்றார். அவர் லேசில் எதையும் பாராட்டுகிறவர் கிடையாது.

வெற்றியோடு அம்மாவிடம் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொக்கி எங்கே?"

விளக்கினேன். திசைகாட்டி, வால், டெல்ஃப்ட், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"பஸ்ஸில் கம்பியில் எப்படி மாட்டுவேன்? கையில் காய்கறிப் பை இருந்தால் முழங்கையில் எப்படித் தொங்கவிடுவேன்? கொல்லையில் முருங்கைக்கிளையை எதை வைத்து இழுப்பேன்? இதை நீயே வைத்துக்கொள் மக்களே."

இப்போதும் அவரிடம் இருப்பது அந்தப் பழைய குடைதான். அண்ணாச்சி கம்பி மாற்றிக் கொடுத்தது. அது தாமரையானால் என்ன செய்வது என்று அம்மாவுக்கு எப்போதோ தெரியும். பதறி இழுக்க மாட்டார். அப்படியே பின்பக்கம் திரும்பி நிற்பார், காற்றே துணியைத் தள்ளி மறுபடி காளானாக்கிக் கொடுக்கும். குவிந்த பக்கம், குழிந்த பக்கம் என்று நான் தாளில் எழுதிக் கண்டுபிடித்ததை அவர் பஸ் நிறுத்தத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நானும் விடுவதாக இல்லை. காற்றாடியில் நாசெல் காற்றை நோக்கித் திரும்பும், கோபுரம் திரும்பாது. நடுவே பெரிய பேரிங். குடைக்கும் அதேதான். காம்பு எட்டு மில்லிமீட்டர், 608 என்கிற சின்னப் பேரிங்கின் துளையும் எட்டு மில்லிமீட்டர். காம்புக்கும் வளைந்த பிடிக்கும் நடுவே அதை உட்காரவைத்தால், குடை தன் பாட்டுக்குத் திரும்பும், கொக்கி அம்மாவின் கையில் சும்மா இருக்கும். முருங்கைக்கிளையை இழுக்கும் பாரத்துக்குப் பேரிங் கழன்று வராமல் இருக்க, கீழே ஒரு பூட்டு வளையம்.

பேரிங் வந்துவிட்டது, மேஜைமேல் இருக்கிறது. நேற்று அம்மா அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழையில் நனைந்தால் துருப்பிடிக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரப்பர் மூடி போட்ட பேரிங் கேட்டுக் கடைக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.